சமமில்லாத பை

அருளப்பன் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தபோது அவர் தலை பாதி நரைத்திருந்தது. அவருக்குக் கற்றுக்கொடுத்த செண்பகவல்லி அவரைவிட நன்றாகவே இளையவர். அருளப்பன் அவரை டீச்சர் என்று கூப்பிட்டார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்றார்.

கோவில்பட்டியில் ஒரு டயர் கடையின் மாடியில் டீச்சரின் அலுவலகம் இருந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மென்பொருள் அங்கே தயாரானது. வந்தவர்கள் வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். அருளப்பனைத் தவிர எல்லோரும் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள்.

அருளப்பன் அதற்கு முன்னால் ஒரு நூற்பாலையில் தரம் பார்ப்பவராக இருந்தார். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் அது நாற்பதாம் நம்பராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழிவு. ஆலையை மூடிவிட்டார்கள். நூல் போய்விட்டது. நூலைப் பார்த்த கண் மட்டும் அப்படியே இருந்தது. அது இப்போது ஆட்களைப் பார்த்தது.

பக்கத்து நாற்காலியில் நாகூர் மீரான் உட்கார்ந்திருந்தான். வேகமான கை. அவன் தட்டுகிற சத்தம் கேட்டாலே அருளப்பனுக்கு இருப்புக் கொள்ளாது. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து, அவன் திரையைப் பார்த்துக்கொண்டே போவார். திரும்பி வந்து, தான் எழுதியதை அழிப்பார். மறுபடி எழுதுவார். மறுபடி தாகம் எடுக்கும்.

ஒருநாள் டீச்சர் ஒப்பிடும் குறிகளைச் சொல்லிக்கொடுத்தார். பெரிது, சிறிது, சமம் ஆகிய மூன்றும் அருளப்பனுக்கு உடனே பிடிபட்டன. அடுத்து வந்தது ஆச்சரியக்குறியும் அதை ஒட்டி ஒரு சமக்குறியும். சமமில்லை என்று அதற்கு அர்த்தம். அங்கே அவர் நின்றுவிட்டார்.

"சமமில்லைன்னா, ரெண்டுல எது குறைச்சல் டீச்சர்?"

"அது இந்தக் குறிக்குத் தெரியாது."

"பின்ன என்னதான் தெரியும் அதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறது."

அருளப்பனுக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. குறையைச் சொல்லாமல் குறிக்கு என்ன வேலை என்று வீடு போகும்வரை யோசித்தார்.

கொஞ்ச நாளில் ஒரு வேலை வந்தது. ஊருக்கு வெளியே இருந்த பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று தன் ரத்த அறைக்கு மென்பொருள் கேட்டது. குளிர்பெட்டியிலிருந்து ரத்தப் பையை எடுத்ததும் அது யாருக்குப் போகிறது என்று இயந்திரத்தில் பதிய வேண்டும். பொருந்தினால் இயந்திரம் ஒரு சீட்டுத் தரும். சீட்டு இல்லாமல் பை வெளியே போகக் கூடாது. பொருந்துகிறதா என்று பார்க்கும் பகுதியை டீச்சர் அருளப்பனிடம் கொடுத்தார்.

வாழ்நாள் எல்லாம் செய்த வேலையைப் போலவே இருந்தது அது. அவர் ஒரே வரியில் எழுதி முடித்தார். பையின் குரூப்பும் தாயின் குரூப்பும் சமமில்லை என்றால், கொடுக்காதே.

ஒரே குரூப்பாகப் போட்டுப் பார்த்தார். சீட்டு வந்தது. வேறு வேறு குரூப்பாகப் போட்டுப் பார்த்தார். பொருந்தாது என்று சிவப்பில் வந்தது. நாகூர் மீரான் தன் பகுதியை அப்போது பாதிகூட எழுதியிருக்கவில்லை. அருளப்பன் முதல்முறையாகத் தாகம் எடுக்காமல் எழுந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

டீச்சர் அந்த வரியைப் படித்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பேசி முடித்து, சரி என்று சொல்லி அதைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

சில மாதங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. கேட்ட குரூப்பில் பை இருந்தது. கேட்டதைக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு மதியம் தொலைபேசி அடித்தது. அருளப்பன் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்ததால் அவர்தான் எடுத்தார். பிரசவ ஆஸ்பத்திரியின் ரத்த அறையிலிருந்து ராஜகனி என்ற பெண் பேசினாள்.

பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏபி குரூப். அந்தக் குரூப்பில் இருந்த பைகள் முந்தின நாளே தீர்ந்துவிட்டன. ஓ குரூப்பில் பை இருக்கிறது. அதைக் கொடுக்கச் சொல்லி டாக்டர் ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். தாயின் ரத்தத்தோடு கலந்து பார்த்தாகிவிட்டது, சேர்கிறது. ஆனால் இயந்திரம் பொருந்தாது என்கிறது. சீட்டு வரவில்லை.

"மெஷின் சரியாத்தாம்மா சொல்லுது," என்றார் அருளப்பன். "ஏபியும் ஓவும் சமமில்லையே."

டாக்டர் கொடுக்கலாம் என்கிறாரே என்றாள் ராஜகனி. அருளப்பன் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். குரூப் வேறு என்றால் சீட்டு வராது. அது தவறு இல்லை. அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு குரூப்பாகப் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தோம். பேசப் பேச அவருக்கு ஒரு பக்கம் புரிந்துகொண்டே வந்தது, எங்கோ இடறியிருக்கிறது என்று. புரியப் புரிய இன்னும் உறுதியாகப் பேசினார். நாகூர் மீரானின் கை தட்டுவதை நிறுத்தியிருந்தது. எல்லோரும் கேட்கிறார்கள் என்பது அவர் முதுகுக்குத் தெரிந்தது.

டீச்சர் தன் அறையிலிருந்து வந்து அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். என்ன என்று ஒரு முறைதான் கேட்டார்.

"டாக்டர் சொல்ற பையக் குடுத்துருங்கம்மா. சீட்டைக் கையால எழுதுங்க. பொறுப்பு செண்பகவல்லின்னு போட்டுக்கோங்க. போனை வெச்சுட்டு ஓடுங்க."

பிறகு அருளப்பனைப் பார்த்து, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

டீச்சரின் ஸ்கூட்டரில் போனார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அருளப்பன் பின்னால் இருந்து இறங்கி நின்றார், ஏறினார், மறுபடி இறங்கினார். தான் தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசினோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். ஒரு தடவை நினைத்தால் கொஞ்ச நேரம்போல இருந்தது. இன்னொரு தடவை நினைத்தால் சரக்கு ரயிலைப்போல முடியாமல் போனது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அந்தத் தாயின் புருஷன் நின்றிருந்தான். பூவலிங்கம் என்று பெயர். தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. உள்ளே இருப்பவள் முப்பிடாதி. பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, இன்னும் அவன் பார்க்கவில்லை. இதையெல்லாம் அவனாகவே சொன்னான். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான். அருளப்பனும் கதவைப் பார்த்தார். யாராவது திறந்தால் எழுந்தார். திறந்தது நர்ஸாக இருந்தால் உட்கார்ந்தார்.

கடைசியில் டாக்டர் மெகருன்னிசா வெளியே வந்தார். ரத்தப்போக்கு நின்றுவிட்டது, பிழைத்துக்கொள்வாள் என்று பூவலிங்கத்திடம் சொன்னார். அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"ஏபி ஆளுக்கு ஓ ரத்தம் குடுக்கலாம்னு உங்க மெஷினுக்குத் தெரியாதா?"

"தெரியாது டாக்டர். நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. கேட்டுத் தெரிஞ்சுக்கவும் இல்ல. நான் படிச்சுப் பாத்துத்தான் அனுப்பினேன்."

நான் என்று சொன்னபோது டீச்சர் அருளப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று அருளப்பனுக்கு இருந்தது.

பூவலிங்கம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். போனில் கொடுக்கச் சொன்னது நீங்கள்தானாமே என்றான். ராஜகனி வந்திருப்பவர்களைக் காட்டி ஏதோ சொல்லியிருக்கிறாள். அவன் வயதில் மூத்தவராகப் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டான்.

"நான் இல்லப்பா," என்றார் அருளப்பன். "நான் குடுக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

அவனுக்கு அது மண்டையில் ஏறவில்லை. அதான் குடுத்துட்டாங்களே அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போனான். அவன் பிடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் அருளப்பன் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

ரத்த அறையிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிட்டுப் போகலாம் என்றார் டீச்சர். வேறு யாரையும் வரவழைக்கவில்லை. அருளப்பனின் முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்தார்.

"நானா?"

"நீங்கதான எழுதினது."

டாக்டர் வார்டுக்குப் போகிற வழியில் நின்றபடி சொல்லிக்கொடுத்தார். ஓ ரத்தத்தை யாருக்கும் கொடுக்கலாம். ஏபி ஆள் யாரிடமும் வாங்கலாம். சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

அருளப்பனுக்கு ஒரே நொடியில் வழி தெரிந்தது. சமம் பார்த்ததுதான் தப்பு. வரிசை பார்க்க வேண்டும். ஓவுக்குப் பூஜ்யம் என்று வைத்தார். ஏவுக்கு ஒன்று. பிக்கு இரண்டு. ஏபிக்கு மூன்று. பையின் எண் ஆளின் எண்ணைவிடச் சிறிதாகவோ சமமாகவோ இருந்தால் கொடு. முப்பிடாதியின் குரூப்பைப் போட்டு, ஓ பையைப் போட்டார். சீட்டு வந்தது. ஓ ஆளுக்கு ஏபி பையைப் போட்டார். பொருந்தாது என்றது.

அவர் சட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"முடிஞ்சிட்டு டீச்சர். அனுப்பிரலாமா?"

டீச்சர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஏ பெரிசா, பி பெரிசா அண்ணாச்சி?"

"பி. ரெண்டு குடுத்திருக்கேன்."

"யாரு குடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஏதாவது ஒண்ணு முன்னால வரணும்ல."

"வரணுமா?"

வார்டிலிருந்து திரும்பிய டாக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்துவிட்டு அருளப்பனிடம் கேட்டார்.

"பி குரூப் ஆளு ஒருத்தர் வர்றாரு. ஏ குரூப் பைதான் இருக்கு. உங்க மெஷின் என்ன சொல்லும்?"

ஒன்று இரண்டைவிடச் சிறியது. அருளப்பன் மனதுக்குள் போட்டுப் பார்த்தார்.

"குடுன்னு சொல்லும்."

"குடுத்தா?" டீச்சர் டாக்டரைக் கேட்டார்.

"உயிரு போயிரும்," என்றார் டாக்டர்.

அருளப்பன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். சுட்டதுபோல எடுத்தார். அறையை விட்டு வெளியே போனார்.

ஆஸ்பத்திரிக் கட்டடத்தைச் சுற்றி நடந்தார். துணி காயப்போட்டிருந்த கொடிகளுக்கு அடியில் குனிந்து போனார். பின்பக்கம் ஆக்சிஜன் சிலிண்டர்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு வழிவிட்டார். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வரி எழுதினார், அது கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. இப்போது ஒரு வரி எழுதினார், அது கொடுக்கக் கூடாததைக் கொடுக்கப் பார்த்தது. இரண்டையும் எழுதியது ஒரே கை. அப்படியே வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வாசல்வரை போனார். பஸ் ஒன்று வந்து நின்று போயிற்று. கண்டக்டர் ஏறுகிறீர்களா என்பதுபோலப் பார்த்தார். அருளப்பன் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது டீச்சர் அதே இடத்தில் இருந்தார். மடிக்கணினி அருளப்பன் விட்ட இடத்திலேயே இருந்தது. டீச்சர் அதில் ஒரு எழுத்தையும் தொட்டிருக்கவில்லை.

அருளப்பன் அவரிடம் பேசாமல் நேரே டாக்டரிடம் போனார்.

"உயிரு போயிரும்னு சொல்றீங்களே டாக்டர். என்னது சேராது? எதை எது சேத்துக்கிட மாட்டேங்குது?"

டாக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரத்த அணுவின் மேல் அடையாளங்கள் இருக்கின்றன என்றார். ஏ என்று ஒன்று, பி என்று ஒன்று. சிலருக்கு ஒன்று இருக்கும், சிலருக்கு மற்றது. சிலருக்கு இரண்டும் இருக்கும், அதுதான் ஏபி. சிலருக்கு இரண்டும் கிடையாது, அதுதான் ஓ. பாசிட்டிவ் என்கிறோமே, அது இன்னொரு அடையாளம். தன்னிடம் இல்லாத அடையாளத்தோடு வருகிற ரத்தத்தை உடம்பு எதிரி என்று நினைத்துத் தாக்கும். தனக்குத் தெரிந்ததோடு மட்டும் வந்தால் விட்டுவிடும்.

"இல்லாததா இருந்தா ஒண்ணும் செய்யாதா?"

"இல்லாததைப் பாத்து எதுக்குச் சண்டை போடப் போகுது?"

அருளப்பன் உட்கார்ந்தார். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றையும் அழித்தார். இந்தமுறை பையையும் ஆளையும் அவர் எதிரெதிரே நிறுத்தவில்லை. பை கொண்டுவருகிற அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். இந்த உடம்பில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டார். இல்லாத ஒன்றைப் பை கொண்டுவந்தால் கொடுக்காதே. அப்படி எதையும் கொண்டுவராவிட்டால் கொடுக்கலாம்.

எழுதி முடித்துவிட்டு, முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. டாக்டரையும் ராஜகனியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எல்லாக் குரூப்பையும் எல்லாக் குரூப்போடும் போட்டுப் பார்த்தார்கள். இயந்திரம் சொல்வதற்கு முன்னால் டாக்டர் சொன்னார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அடுத்ததற்குப் போனார்கள். நடுவில் ராஜகனி எழுந்து எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். கலந்து பார்த்துப் பொருந்தி, டாக்டரும் கொடு என்று சொன்னால், இயந்திரம் மறுக்காமல் சீட்டுத் தருவதற்கும் அருளப்பன் ஒரு வழி வைத்தார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. டீச்சர் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

வெயில் தாழ்ந்திருந்தது. கிளம்புவதற்கு முன்னால் அந்தத் தாயை ஒரு தடவை பார்க்கலாமா என்று அருளப்பன் நர்ஸிடம் கேட்டார். வாசலோடு நின்று பார்க்கச் சொன்னாள்.

முப்பிடாதி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பூவலிங்கம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். கம்பியில் ஓ குரூப் பை ஒன்று தொங்கியது. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. அதிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அவள் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

அருளப்பன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான் நாளையிலிருந்து வரப்போவதில்லை என்று டீச்சரிடம் சொன்னார். காரணத்தையும் தானாகவே சொன்னார். இந்த வேலையை மீரானிடம் கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அவன் வேகம் வேறு, அவன் படிப்பு வேறு. தான் எதில் பார்த்தாலும் அந்தப் பிள்ளைகளோடு ஒத்து வரவில்லை. ஒத்து வராததை வைத்துக்கொண்டு டீச்சர் ஏன் பழி சுமக்க வேண்டும்.

டீச்சர் முப்பிடாதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். நான் எப்பவாவது அவங்களுக்குச் சமமா வருவேனா?"

பை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவங்களுக்குச் சமமான பை இன்னிக்கு இந்த ஆஸ்பத்திரியிலேயே இல்ல, அண்ணாச்சி."